மாமனாரின் மூன்றாம் தவணை

என் மாமனார் ஒன்பது வருடம் என்னோடு பேசவில்லை. பேச்சு இல்லையென்றால் போக்குவரத்தும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் கடைசி ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பஸ் ஏறி, பதினொரு மணிக்குக் கிள்ளானில் இறங்கி, எங்கள் தாமான் குடியிருப்புக்கு நடந்து வருவார். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மின்விசிறியில் காற்று வாங்கி, நான் விடிந்ததும் பாசாருக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கி வந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். என் முகத்தைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை வராது. எனக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் என் மனைவி வழியாகத்தான் வந்து சேரும்.

"பிள்ளை, அவரிட்டச் சொல்லு, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி."

அவருக்கும் எனக்கும் நடுவில் மூன்றடி தூரம். மனைவி பின்னால் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். எண்ணெய்ச் சத்தத்தை மீறி அங்கிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏங்க, அப்பா ஃபேனக் குறைக்கச் சொல்றாரு."

நான் எழுந்து போய்க் குறைப்பேன். "போதுமான்னு கேளு" என்பேன். "அப்பா, காணுமோ எண்டு கேக்கிறார்" என்பாள். "ஓம், காணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அதையும் அவள் எனக்குச் சொல்வாள். அவருடைய யாழ்ப்பாணத் தமிழை எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகவும், என் தமிழை அவருக்கு யாழ்ப்பாணத் தமிழாகவும் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஞாயிறு மாலையில் அவளுக்குத் தொண்டை கட்டிப்போகும்.

பேசாததற்குக் காரணம் என்னைக் கேட்டால் ரயில்வே என்பேன். என் அப்பா தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர். மாமனாரோ அதே ரயில்வேயில் கணக்குப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா. இரண்டு குடும்பமும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே சாலையில்தான் இருந்தன. அவர்களுக்கு மாடி வைத்த குவாட்டர்ஸ், எங்களுக்கு வரிசை வீடு, நடுவில் ஒரு சாக்கடை. மாதாமாதம் என் அப்பாவின் சம்பளத்தைப் பேரேட்டில் எழுதிய கை என் மாமனாருடைய கை. அந்தப் பேரேட்டில் ஒரு வரியாக இருந்தவனுடைய மகன் தன் ஒரே மகளை ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்? மூன்று வருடம் வாசல்படி மிதிக்கவில்லை. பிறகு மாமியார் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைச் சொதி சோற்றுக்கு வேறு வழியில்லாமல் வர ஆரம்பித்தார். அவர் என்னை மன்னித்து வரவில்லை, பசித்து வந்தார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு அவருடைய பணம் வேண்டாம். ஆசீர்வாதம்கூட வேண்டாம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது. திட்டினாலும் பரவாயில்லை. நாற்பது வயதை நெருங்குகிறவனுக்கு இது என்ன ஆசை என்று எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் ஞாயிறு வந்தால் பாசாரில் நல்ல வாவல் மீனைத் தேடி அலைந்துகொண்டிருப்பேன்.

அந்த ஒன்பதாவது வருடம் நாடே ஷேர் பைத்தியம் பிடித்து அலைந்தது. நாசி லெமாக் விற்கிற அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டே எது ஏறும் என்று சொன்னார். முடிவெட்டுகிற அண்ணன் கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு, "பாஸ், என்னோடத வித்துடவா, வெச்சிருக்கவா?" என்று கேட்டார். அந்த நிலையில் யாராவது விற்காதே என்பார்களா? துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் காலையில் கப்பல் வந்ததா என்று கேட்பதற்கு முன் விலை என்ன என்றுதான் கேட்டார்கள். நானும் கொஞ்சம் வாங்கினேன், கொஞ்சம் விற்றேன், மொத்தத்தில் காலைப் பசியாறல் செலவுக்குக் கட்டியது. அந்தத் தைரியத்தில் மாதத் தவணையில் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் நாலு டிஸ்கெட்டில் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தார். சொந்த வரவு செலவு, பேங்க் கணக்கு, ஷேர் எல்லாவற்றையும் அதில் எழுதி வைக்கலாம். அமெரிக்காக்காரன் செய்தது. நம் ஊர்ப் பணமான வெள்ளியை எல்லாம் டாலராகவே காட்டும், அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காலையில் தின்ற ரொட்டி சானாய்கூட அதில் ஏறியது. நாலு நாளில் எழுத வேண்டிய செலவெல்லாம் தீர்ந்து, எழுதுவதற்காகவே செலவு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மனைவிக்கு அந்த யோசனை வந்தது.

"அப்பாவோட ஷேர அந்தப் பெட்டில போட்டுக் குடுங்களேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு வேல செஞ்சா, ஒரு வார்த்த பேசித்தான ஆகணும்? என் தொண்டைக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும் லா."

அவரிடம் வேறு மாதிரி சொன்னாள். "அப்பா, உங்கட கணக்கை இவர் கம்ப்யூட்டரில ஏத்திப் பழகப் போறாராம். பிழை விட்டால் நீங்கள்தான் பாத்துச் சொல்லோணும்." பிழை பார்ப்பது என்றால் அவருக்குச் சர்க்கரை. முப்பத்துமூன்று வருடம் பேரேடு எழுதி ஒரு காசு பிசகாதவர் என்பது பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். "ஓம், கொண்டுவாறன்" என்று சுவரிடம் சம்மதித்தார்.

அவர் வைத்திருந்தது ஒரே ஒரு கம்பெனியின் ஷேர். ஐயாயிரம். ஒரு ஷேர் மூன்று வெள்ளி. ஆனால் மூன்று வெள்ளியையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒரு வெள்ளி, ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளி, இன்னும் ஆறு மாதம் கழித்துக் கடைசி வெள்ளி. சொன்ன நாளுக்குள் கட்டாவிட்டால் கம்பெனி ஷேரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதுவரை கட்டியதும் போய்விடும் என்று கம்பெனிக் கடிதத்திலேயே போட்டிருந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் அவரிடம் மிச்சமிருந்தது முழுவதும் அதில்தான் இருந்தது. இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. மூன்றாவது வரவேண்டும்.

முதல் ஞாயிறு ஏற்பாடு இப்படி. நான் கம்ப்யூட்டர் முன்னால், அவர் எனக்குப் பின்னால் நாற்காலியில், மனைவி அடுப்படிக் கதவில். அவர் தாளைப் பார்த்து வாசிப்பார், அவள் அதை எனக்குச் சொல்வாள், நான் தட்டுவேன். முதல் தவணை பிரச்சினை இல்லாமல் ஏறியது. ஐயாயிரம் ஷேர், ஷேருக்கு ஒரு வெள்ளி. இரண்டாம் தவணைக்கும் அதேபோல ஐயாயிரம் ஷேர், ஒரு வெள்ளி என்று தட்டினேன். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று கத்தி ஒரு தாளைத் தள்ளியது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாள் திரும்பி வந்தது. நடுவில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். அதற்குள், மொத்தம் பத்தாயிரம் ஷேர் என்று இருந்தது.

"பிள்ளை, என்னட்ட இருக்கிறது ஐயாயிரம். மற்ற ஐயாயிரம் ஆருடையது எண்டு அவரிட்டக் கேள்."

அவள் கேட்கவில்லை, எனக்கே விளங்கிவிட்டது. அந்தப் பெட்டிக்குத் தவணை என்றால் என்னவென்றே தெரியாது. பணம் கொடுத்தால் ஷேர் வாங்கினாய் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் சைக்கிள், தையல் மிஷின், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் தவணையில்தான் வீட்டுக்குள் வருகின்றன. தவணை கட்டும்போதெல்லாம் புதிதாக ஒரு டிவி வருமா? அமெரிக்காக்காரனுக்கு அது தோன்றவில்லை. சரி, ஷேர் இல்லை, பணம் மட்டும் என்று சொல்வோம் என்று இரண்டாம் தவணை வரியில் ஷேர் எண்ணிக்கையை அழித்துச் சைபர் போட்டேன். சைபர் ஷேர் வாங்க முடியாது என்று திரையில் திட்டியது. பெரியவர் பின்னால் செருமினார். எனக்கு வேர்த்துவிட்டது. ஒரே ஒரு ஷேர் என்று போட்டு, விலை ஐயாயிரம் வெள்ளி என்று தட்டினேன். ஒரு ஷேர்தானே கூடப்போகிறது, பிறகு எப்படியாவது கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

பெட்டி ஒரு நொடி யோசித்தது. ஒரு ஷேரை ஐயாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறான் என்றால் இன்றைய விலை அதுதான் என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டது. எல்லா ஷேரையும் அந்த விலையால் பெருக்கியது. என் மாமனாரின் சொத்து மதிப்பு இருபத்தைந்து மில்லியன் ஐயாயிரம் என்று திரையில் வந்து நின்றது.

என் மனைவி கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். "ஐயோ அப்பா, நீங்கள் மில்லியனர்!"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடித் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். வேண்டுமென்றே என் தோளை இடித்துக்கொண்டு பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். நிதானமாகச் சைபர்களை எண்ணினார். பிறகு பின்னால் சாய்ந்தார்.

"அவரிட்டச் சொல்லு, இதை அச்சடிக்க வேண்டாம் எண்டு. வருமான வரிக்காரன் கண்டால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்."

அன்று சாப்பாட்டின்போது அவர் இரண்டு தடவை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். என் மூக்கு உடைந்தது அவருக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருடம் காத்திருந்து, கடைசியில் வேடிக்கைப் பொருளாகிவிட்டேனே என்று ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சாஃப்ட்வேரின் உதவிப் பக்கங்களைப் படித்தேன். வியாழக்கிழமை வழி கிடைத்தது. ஒரு கம்பெனி சில சமயம் நாம் போட்ட முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கென்று ஒரு இடம் இருந்தது, முதல் திரும்ப வந்தது என்று. அதில் தொகையை எழுதினால் ஷேர் எண்ணிக்கை மாறாது, போட்ட முதல் மட்டும் குறையும். அப்படியானால் அதே இடத்தில் மைனஸ் போட்டு எழுதினால் முதல் கூடவேண்டும் அல்லவா? போட்டுப் பார்த்தேன். ஐயாயிரம் ஷேர் அப்படியே ஐயாயிரமாக நின்றது. போட்ட முதல் பத்தாயிரம் வெள்ளி ஆனது. எழுந்து நின்று தொடையைத் தட்டிக்கொண்டேன். இவ்வளவு கெட்டிக்காரனை இந்த மனிதர் ஒன்பது வருடமாகச் சுவரென்று நினைக்கிறாரே என்று தோன்றியது.

மூன்றாவது ஞாயிறு அவருக்கு முன்னால் இதைச் செய்து காட்டினேன். செய்துகொண்டே மனைவியிடம் விளக்கம் சொன்னேன், அவள் அவருக்கு மாற்றிச் சொன்னாள். முதல் திரும்ப வந்தது, மைனஸ் ஐயாயிரம். அவர் மறுபடியும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் வாசித்தார். முகம் மெல்லச் சிவந்தது.

"பிழை!" என்றார். "தம்பி, இது பிழை!"

வீடு ஸ்தம்பித்துவிட்டது. அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நேராக என் மூஞ்சியைப் பார்த்து.

"மைனஸ் போட்டிருக்கேன், மாமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மைனஸ் போட்டால்? ஆர் உமக்குக் காசு திருப்பித் தந்தது? கம்பெனி தந்ததோ? நான் குடுத்த காசு அது. வராத காசை வந்தது எண்டு எழுதிப்போட்டு, முன்னுக்கு ஒரு கோடு கிழிச்சால் அது சரியாப் போமோ? உமக்கு என்ன விசரோ?"

"மொத்தம் சரியா வருதுல்ல மாமா? ஷேரும் சரி, பணமும் சரி."

"மொத்தம் சரியா வந்தால் காணுமோ? வரி பொய் எல்லோ! ஒரு வரி பொய் எண்டால் கணக்கு முழுக்கப் பொய்!"

"அந்தப் பெட்டிக்கு வேற வழி இல்ல லா மாமா!"

"அப்ப அந்தப் பெட்டியைத் தூக்கி எறியும்!"

அரை மணி நேரம் கத்தினோம். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அவர் நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டார், ஐந்து மணி பஸ்ஸையும் விட்டுவிட்டார். ஆறு மணிக்கு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அடுத்த ஞாயிறு என்ர பேரேட்டைக் கொண்டுவாறன். கணக்கு எழுதுறது எப்பிடி எண்டு உமக்குக் காட்டுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். விசர் பிடித்த பைத்தியம், மூளை இல்லாதவன், பொய்க்கணக்கு எழுதுகிறவன் என்று எனக்கு அன்று கிடைத்த வார்த்தைகளை எண்ணினால் ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து வட்டியோடு வந்திருக்கும். சந்தோஷத்தில் நான் இரண்டு தடவை குளித்தேன். என் மனைவிக்குத்தான் முகம் சரியில்லை. "இவ்வளவு நாளா ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு தொண்ட கிழியக் கத்துனேன். இன்னைக்கு என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

நான்காவது ஞாயிறு, குடையோடு ஒரு நீளமான பேரேடும் வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்தார். முன்பக்கங்களில் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. வரவு நீலம், செலவு சிவப்பு. "பாரும்" என்றார் கர்வமாக. நான் பார்த்தேன். உண்மையிலேயே அழகாக இருந்தது, அதைச் சொல்ல மனம் வரவில்லை. பக்கங்களைப் புரட்டப் புரட்ட எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கங்களில் எண்கள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன.

கடைசி வரியில் மூன்றாம் தவணை, கெடு இருபத்தெட்டாம் தேதி என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே கம்பெனியின் கடிதம் செருகியிருந்தது. அதில் தேதி இருபத்துமூன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கடிதத்தில் மூன்றுதான். பேரேட்டில் எட்டு. முப்பத்துமூன்று வருடம் பிசகாத மனிதரின் பேரேட்டில் ஒரு பிழை! எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கத்திய அதே வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனாலும் அவசரப்படாமல், அவரையே மாட்டிவிட வேண்டும் என்று கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"மாமா, இதுல தேதி என்னன்னு கொஞ்சம் படிங்க."

அவர் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் போனார். கடிதத்தை மூக்குக்கு அருகில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். வெளியே நல்ல வெயில். அந்த வெளிச்சத்தில் எனக்கு நாற்காலியிலிருந்தே அந்த மூன்று தெரிந்தது.

"இருபத்தெட்டு" என்றார். "வடிவா இருபத்தெட்டு எண்டு போட்டிருக்கு."

என் நாக்கில் இருந்த வார்த்தையை விழுங்கினேன். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகத்தை வைத்தது என்னை இடிப்பதற்காக அல்ல. அடுப்படியில் மனைவி ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று, "ஒரு தடவ பணம் கட்டுற பேங்க்ல கேட்டுடலாமா மாமா?" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"நீர் வாசியும்."

"இருபத்திமூணு, மாமா. வர்ற செவ்வாய்க்கிழமை."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக இரண்டு கண்ணிலும் புகை மூடின மாதிரி இருக்கிறது என்றார். பஸ் நம்பரைக்கூட நிறத்தையும் வரும் நேரத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாராம். அவர் தலை அடுப்படிப் பக்கம் திரும்பியது. குரல் இறங்கியது.

"அவளிட்டச் சொல்லாதேயும். சொன்னால் என்னைத் தனிய இருக்க விடமாட்டாள். வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடுவாள்."

"சொல்லமாட்டேன். ஆனா கண் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போவேன்."

"பாப்பம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சம்மதம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு என்று ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு, மனைவியிடம் ஆபீசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறினேன். நான் எழுதும் இந்தக் கதையைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ளப் போகிறாள், அன்றைய சாப்பாடு எனக்குச் சந்தேகம்தான். மாமனார் முழுக்கைச் சட்டை போட்டு, பையில் தன் மைப்பேனாவைக் குத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார். அந்தப் பேனாவை மகளையே தொடவிடாதவர் அவர்.

பேங்கில் ஃபாரத்தை அவரே எழுதினார். நான் கிட்டப் போனபோது முழங்கையால் தள்ளினார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் ஒரு தொகை இருக்கிறது" என்று மலாயில் மெதுவாகச் சொல்லி வேறு ஃபாரம் கொடுத்தாள். இரண்டாவது ஃபாரத்தில் பெயரைக் கணக்கு எண்ணுக்கான கட்டத்தில் எழுதிவிட்டார். அந்தப் பெண் இன்னொரு ஃபாரத்தை நீட்டினாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, யாரோ உச்சுக் கொட்டினார்கள். நாடு முழுக்க ஓடிய ரயில்களின் சம்பளக் கணக்கைப் பிசகாமல் எழுதிய மனிதர், மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் அசையாமல் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கும்போது பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் எழுதும். நான் கையெழுத்து மட்டும் வைக்கிறன்."

எழுதினேன். கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின் அடியில் என் விரலை வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, அதற்கு மேலே கையெழுத்துப் போட்டார். பெண் முத்திரை குத்தினாள். வெளியே வந்து இரண்டு பேரும் கோப்பிக்கடையில் தே தாரிக் குடித்தோம். அவர்தான் காசு கொடுத்தார், சில்லறையை என்னிடம் நீட்டி எண்ணச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் தவணையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முதல் திரும்ப வந்தது, மைனஸ் ஐயாயிரம். கையைத் தூக்கிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். "எழுதும், எழுதும். அந்தப் பெட்டிக்கு உண்மையைச் சொன்னால் விளங்காது" என்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மனைவி சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா, அந்தக் கடைசித் தவணை கட்டியாச்சோ?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் கட்டியாச்சு. தனியா போயி, ஃபாரமெல்லாம் அவரே எழுதி, ஒரு தப்பு இல்லாம கட்டிட்டு வந்திருக்காரு."

ஒரே மூச்சில் மூன்று பொய். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு வரி பொய் என்றால் கணக்கு முழுக்கப் பொய் என்று இதே மேசைக்குப் பக்கத்தில் நின்று கத்தியவர். இப்போது அந்தப் பிழை என்ற வார்த்தை வரும், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் மெதுவாகக் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். சாப்பிட்டுக் கை கழுவும்வரை அவர் அதைத் திருத்தவே இல்லை.